வரிக்கு மேலே ஒரு கமா

போன மாதம் நம் இசை அறையில் நான் விட்டுவிட்டு வந்த பழைய கோப்புகளை நீங்கள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் சிரித்தார். யாரென்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் என்று ஊதுகிற கருவி எதற்கு நான் மாற்றி எழுதியிருந்தாலும், அந்தத் தாள்களில் எல்லாம் சிவப்பு மையில் ‘மூச்சு’ என்று முழு வார்த்தையாக எழுதியிருக்கிறேன். ஒரே பக்கத்தில் பதினாலு இடத்தில் இருந்தது. “டீச்சர், இதுக்குத்தான் சின்னதா ஒரு கமா இருக்கே? இவ்வளோ எழுதி கை வலிக்கலையா?” என்று கேட்டார்.

டீ ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன். கேட்டவருக்கு நான் கோபித்துக்கொண்டதாகத் தோன்றியிருக்கும். கோபம் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

என்னைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. என் அப்பா ரயில்வேக்காரர். நாங்கள் மெதடிஸ்ட். ஏழு வயதில் சர்ச் பியானோ முன்னால் உட்கார்ந்தவள், தமிழ் எழுத்துகளைச் சரளமாகப் படிப்பதற்கு முன்பே கோடு போட்ட மேற்கத்திய இசைத்தாளைப் படித்துவிட்டேன். கர்நாடக இசைக்கு வந்தது முப்பது வயதுக்கு மேல். சரிகம எழுத்தில் எழுதவும் படிக்கவும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். இரண்டும் தெரிந்த ஆள் என்பதால்தான் பிரிக்பீல்ட்ஸில் நம்முடைய அந்த மூன்றாம் மாடி அறையில் இத்தனை வருடம் எனக்குப் பிழைப்பு ஓடியது. இரண்டும் தெரிந்த ஆள் என்ற திமிர் வந்ததும் அங்கேதான்.

வீணைக்கு எழுதியதைக் கீபோர்டுக்கு, வயலினுக்கு எழுதியதைக் குழலுக்கு என்று மாற்றுகிற நம் வேலையில், சுருதியை ஏற்றி இறக்குவது கால்வாசிகூட இல்லை. அதை நீங்கள் இன்று ஒரு பட்டனைத் தட்டி முடித்துவிடுகிறீர்கள். எனக்குப் பொறாமைதான், நாங்கள் அதற்கு இரண்டு நாள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தோம். ஆனால் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும்போது அதற்கு ஒருபோதும் மூச்சு முட்டாது, ஏனென்றால் அதற்கு நுரையீரல் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாளை அச்செடுத்து ஒரு மனிதர் கையில் நீட்டாதீர்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பேண்ட் மாஸ்டர். கிளாரினெட்காரர், எப்போதும் கக்கத்தில் ஒரு தமிழ்ப் பேப்பர் இருக்கும். வயலினுக்கு எழுதப்பட்ட ஒரு மேற்கத்தியத் துண்டை அவருடைய குழுவுக்காகக் கிளாரினெட்டுக்கு மாற்றிக் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு கக்கத்திலிருந்த பேப்பரை உருவி என்னிடம் கொடுத்தார்.

“இந்த நியூஸ சத்தமா வாசிம்மா. நான் சொல்ற வரைக்கும் நிப்பாட்டக் கூடாது.”

வாசித்தேன். நாலாவது வரியில் குரல் கம்மியது. ஆறாவது வரியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நிறுத்திவிட்டேன்.

“ஏன் நிப்பாட்டுன?”

“மூச்சு வாங்குது மாஸ்டர்.”

“ஆங். இதத்தான் நீ என் ஆளுங்களுக்கு எழுதி குடுத்துருக்க. வயலின்காரனுக்கு என்னா, வில்ல இந்தப் பக்கம் இழுத்து முடிஞ்சா அந்தப் பக்கம் தள்ளுவான். வாசிச்சிக்கிட்டே பக்கத்துல உள்ளவன்கிட்ட கதை பேசலாம். என் ஆளு வாயால ஊதுறான் லா. எங்க மூச்சு விடணும்னு நீ யோசிக்கலன்னா யாரு யோசிப்பா?”

என் பென்சிலை வாங்கி, வரிக்கு மேலே சின்னதாக ஒரு கமா போட்டுக் காட்டினார். மேற்கத்திய இசைத்தாளில் அதுதான் மூச்சுக் குறி. அந்த இடத்தில் வாசிப்பவர் மூச்சு எடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து ஊதுகிற கருவிக்கு எதை எழுதினாலும் முதலில் நானே உரக்கப் பாடிப் பார்ப்பேன். எனக்கு எங்கே முட்டுகிறதோ அங்கே வரிக்கு மேலே ஒரு கமா வைப்பேன். சரிகமவில் எழுதினாலும் அதே கமாதான். வாசித்தவர்களில் பாதிப்பேர் பேண்டிலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் நம் அறையிலேயே படித்தவர்கள். என் குறி எல்லோருக்கும் பழக்கம். இருபத்தைந்து வருடம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் எந்தத் தப்பும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலன் வெளியிலிருந்து வந்தவர். காப்பார் ஊர்க்காரர். இளவயதில் கிள்ளான் பக்கம் ஒரு கோயிலில் நாதஸ்வரம் வாசித்தவர், பிறகு சாக்ஸபோனுக்கு மாறி முப்பது வருடமாகக் கல்யாண மண்டபங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். பந்திங்கில் ஒரு கல்யாணத்தில்தான் அவரை முதலில் கேட்டேன். தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தவள், கேட்டது பொறுக்காமல் வரிசையை விட்டு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மண்டபத்தில் என்னைத் தவிர ஒரு ஜீவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “என்னாக்கா, கம்ப்ளெயிண்டா? சத்தம் கூடவா?” என்றார்.

அதற்குப் பிறகு சில வருடம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வயலின் ஆசிரியையின் முதலாமாண்டு நினைவு நாள் வந்தது. அந்த அம்மாள் வயலினுக்கென்றே ஓர் உருப்படி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார், சுபபந்துவராளி ராகத்தில். அதன் முன்பகுதிக்குத் தாளம் கிடையாது. ஆலாபனை போலப் போகும், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் எழுதப்பட்டது. வில்லை முழு நீளத்துக்கு இழுத்து வாசிக்க வேண்டிய நீண்ட நீண்ட ஸ்வரங்கள். அதைச் சாக்ஸபோனில் கேட்க வேண்டும் என்று அவருடைய மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். மாற்றி எழுத என்னிடம் வந்தார்கள். வாசிக்க யார் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. பாலனுக்குப் போன் போட்டேன்.

“பிரிக்பீல்ட்ஸ்ல ஹாலு பாலன். கச்சேரி. நீங்கதான் மெயின்.”

“யாரும் சாப்புட மாட்டாங்களா டீச்சர்?”

“கச்சேரி முடிஞ்சுதான் சாப்பாடு. எல்லாரும் நாற்காலில உக்காந்து கேப்பாங்க.”

“அப்ப நான் வரேன்” என்றார். முப்பது வருடமாக அந்த மனிதர் எதற்குக் காத்திருந்தார் என்பது அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு தெரிந்த எனக்கு வேறு எதுவும் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

கோவிட் சமயத்தில் பாலன் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்திருக்கிறார். நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, ஊதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியே தெரிந்தால் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அதை மூடி மறைத்துவிட்டார். மனைவி கலாவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் நான் அறியாதவள் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. கண்ணெதிரே எல்லாம் இருந்தது. ஒத்திகை நாலு மணிக்கு என்றால் மூன்றரைக்கே வந்துவிடுவார். நான் மாடி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில், மடியில் சாக்ஸபோன் பெட்டியோடு படியில் உட்கார்ந்திருப்பார். “என்ன பாலன், இவ்வளோ சீக்கிரம்?” என்றால், “ட்ராஃபிக் இல்ல டீச்சர்” என்பார். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அப்போது கொமியூட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தார். ரயிலில் வருகிறவருக்கு என்ன ட்ராஃபிக்? அதைக்கூட நான் கேட்கவில்லை. நேரம் தவறாத மனிதர் என்று மெச்சிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கமாவுக்கு வருகிறேன். பாலனுக்கு நான் எழுதிக் கொடுத்தது சரிகம எழுத்தில்.

சரிகம எழுத்தில் கமாவுக்கு வேறு வேலை. ஸ்வரத்துக்குப் பின்னால் கமா வந்தால் அது கார்வை, அந்த ஸ்வரத்தை இன்னும் ஒரு அளவு நீட்டிப் பிடிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், எனக்கும் தெரிந்ததுதான். கார்வைக் கமா வரியிலேயே இருக்கும், மூச்சுக் கமா வரிக்கு மேலே இருக்கும், பார்த்தாலே புரியாதா என்று நினைத்தேன். பியானோ முன்னால் வளர்ந்த கண்ணுக்குப் புரியும். நாதஸ்வரத்தோடு வளர்ந்தவர் வரிக்கு மேலே ஒரு கமாவைப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீச்சர் எழுதும்போது ஒரு கார்வையை விட்டுவிட்டார், அப்புறம் ஞாபகம் வந்து மேலே செருகியிருக்கிறார். விட்டுப்போன எழுத்தை நாம் எல்லோரும் அப்படித்தானே செருகுகிறோம்?

அந்த முன்பகுதியில் பதினோரு இடத்தில் மூச்சுக் கமா வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் நீண்ட ஸ்வரத்தின் முடிவில், ஊதுகிறவருக்கு உள்ளே காற்றே மிச்சமிருக்காத இடத்தில். தாளம் இருந்திருந்தால் எண்ணிக்கை இடித்து முதல் வரியிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். தாளம் இல்லாததால் எதுவும் இடிக்கவில்லை. மூச்சு எடுங்கள் என்று நான் எழுதிய பதினோரு இடத்திலும் பாலன் மூச்சை எடுக்காமல் இன்னும் பிடித்தார். பிடித்து முடித்துவிட்டு, அடுத்த வரிக்கு நடுவில் எங்கேயோ திருடியது போல ஒரு மடக்குக் காற்றை இழுத்துக்கொண்டார்.

முதல் ஒத்திகையில் அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். டீச்சர் வைத்த மூச்சு எனக்கு எதற்கு என்று தாண்டிப் போகிறார், நாதஸ்வரத்தில் ஊறிய மூச்சு, என்ன கெத்து என்று நினைத்தேன். முடிந்திருக்க வேண்டிய ஸ்வரம் முடியாமல் மெலிந்து மெலிந்து நின்றது. வயலினில் அந்த அம்மாளே வாசித்துக் கேட்டிருக்கிறேன், இப்படி இருந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எப்படி பாலன் இவ்வளோ நேரம் புடிக்கிறீங்க?”

“எழுதியிருக்குல்ல டீச்சர்” என்று சிரித்தார்.

அந்த ஒரு பதில் போதும். எழுதியிருக்கிறதா, எங்கே, காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அடக்கமான மனிதர் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசிக்கு முந்திய ஒத்திகை முடிந்ததும் அவர் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “டீச்சர், ஒண்ணு கேக்கணும். இந்தக் கடைசி எடத்துல...” என்று விரலை வைத்தார்.

நான் முழுதாகச் சொல்லவிடவில்லை. “ஒண்ணும் மாத்தாதீங்க பாலன். அப்படியே வைங்க. அந்த எடத்துலதான் இந்தப் பாட்டோட உயிரே இருக்கு.”

“என் உயிருதான் போவுது டீச்சர்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திட்டி ஒருவர் வாயை அடைப்பதைப் பற்றி நம் அறையில் நிறையப் பேசியிருக்கிறோம். அப்படிச் செய்யக்கூடாது என்று உங்களுக்கே தெரியும். புகழ்ந்தும் அடைக்கலாம். ஒரு வாசிப்பாளர் தாளோடு உங்கள் மேசைக்கு வந்து ஒன்று கேட்க வேண்டும் என்றால், அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர் வாசிப்பு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பாலன் புது ஜிப்பாவில் வந்திருந்தார். கலா முன்வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மேடையில் நான் கீபோர்டில் சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மிருதங்கக்காரர் தாளப் பகுதி வரும்வரைக்கும் கையைத் தொடையில் வைத்துக் காத்திருந்தார். பாலன் தொடங்கியதும் ஹால் அடங்கிவிட்டது. ஒரு தட்டுச் சத்தம் இல்லை, ஒரு நாற்காலி நகரவில்லை. மூன்றாவது கமாவில் அவர் கண்ணைத் திறந்து ஒருமுறை ஜனங்களைப் பார்த்தார். நிஜமாகவே கேட்கிறார்களா என்று பார்த்திருப்பார்.

ஏழாவதில் அவர் உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. மேடை விளக்கு என்று நினைத்தேன். எட்டாவதில் கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்பதாவதில் ஒரு கால் நடுங்கியது, மேடைப் பயம் என்று நினைத்தேன். பத்தாவதில் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்த மனிதரால் முடியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் பத்து விரலும் கீபோர்டின் மேல் இருந்தன. அடுத்த வரியை நான் எடுத்து வாசித்திருந்தால் அவர் சாக்ஸபோனை இறக்கி மூச்சு வாங்கியிருப்பார். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று ஹாலில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். யோசிக்க எனக்கு நாலைந்து நொடி இருந்தது.

முப்பது வருடம் காத்திருந்த மனிதர், அவருக்குக் கிடைத்த இந்த அமைதியை நான் கெடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் மாற்றி எழுதிய உருப்படி, அந்தப் பதினோராவது இடத்தை ஹாலில் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான் இருந்தது. சுருதியிலிருந்து கையை எடுக்கவில்லை.

பதினோராவதில் ஸ்வரம் பாதியில் உடைந்தது. அவர் வாயை எடுத்துவிட்டு இழுத்த மூச்சு மைக்கில் கேட்டது. முன்பகுதி முடிந்தது என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். மிருதங்கக்காரர் சமர்த்து, உடனே தாளத்தை எடுத்துவிட்டார். மீதியைப் பாலன் பாதிச் சத்தத்தில் எப்படியோ வாசித்து முடித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“குத்துது டீச்சர்.”

“வெறும் வயித்துல ஊதினா காத்து புடிச்சிக்கும். சூடா ஒரு மைலோ குடிங்க” என்றேன். எனக்கு வைத்தியமும் தெரியும் பாருங்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிருவோங்க” என்றார் கலா.

“வேணாம் லா. கொஞ்சம் உக்காந்துட்டு ரயில்ல போயிரலாம்.” என்னைப் பார்த்து, “டீச்சர், நடுவுல யாரும் எந்திரிக்கல இல்ல?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் எந்திரிக்கல பாலன்.”

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். என் கார் கீழேதான் நின்றது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் என்னைப் பாராட்ட வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்து போனார்கள்.

மறுநாள் காலையில் கலா போன் செய்தார். வீட்டில் மூச்சு விட முடியாமல் விழுந்துவிட்டார், கிள்ளானில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்து, ஒரு பக்கம் சுருங்கிப்போயிருந்தது. தழும்பு விழுந்த நுரையீரல், சும்மா இருமினால்கூட இப்படி ஆகலாம் என்று டாக்டர் என்னிடம் பிறகு சொன்னார். நல்ல மனிதர், ஆறுதலுக்குச் சொன்னார். அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். விலாவில் குழாய் செருகியிருந்தது. மூக்கில் ஆக்சிஜன். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று பேசினார்.

“மன்னிச்சிருங்க டீச்சர்.”

“எதுக்கு பாலன்?”

“பத்து... புடிச்சிட்டேன். கடைசி ஒண்ண... வுட்டுட்டேன்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விரலைத் தூக்கிக் காற்றில் சின்னதாக ஒரு சுழி போட்டார்.

“மேல சேத்து எழுதினீங்களே... கமா. பதினொண்ணு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் கலா ஒரு கப்பில் வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பாலன், அது மூச்சு விடுகிற இடம். நீங்கள் எதையும் விடவில்லை, அந்தக் கடைசி இடத்தில் மட்டும்தான் நான் எழுதியபடி செய்தீர்கள்.

நான் சொல்லவில்லை. இந்த நிலைமையில் சொல்லி என்ன ஆகப்போகிறது, மனிதருக்கு வேதனைதானே என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் கலா அந்தக் கப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன்.

“பரவால்ல பாலன். ரொம்ப நல்லா வாசிச்சீங்க” என்றேன்.

“அடுத்த தடவ... புடிச்சிர்றேன்” என்றார்.

அடுத்த தடவை வரவில்லை. கிருமித் தொற்று வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அந்த வாரமே உட்கார்ந்து, நம் அலமாரியிலிருந்த ஊதுகிற கருவிகளுக்கான தாள்கள் அத்தனையையும் எடுத்தேன். வரிக்கு மேலே இருந்த ஒவ்வொரு கமாவையும் அழித்துவிட்டுச் சிவப்பு மையில் ‘மூச்சு’ என்று எழுதினேன். முடிக்க இரண்டு மாதம் ஆனது. கை வலித்ததா என்று கேட்டீர்களே, வலித்தது. உங்கள் குறி உங்களுக்குத் தெளிவாக இருப்பது ஒரு காசுக்குப் பிரயோசனமில்லை. வாசிக்கப் போகிறவரை எதிரே உட்காரவைத்து, இதைப் பார்த்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்லட்டும். இதற்கு மேல் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துக் கலா நம் அறைக்கு வந்தார். மூன்று மாடி ஏறி வந்தவர், “அந்தத் திருப்பத்துலதான் உக்காருவாராம், சொல்லுவாரு. நானும் அங்க கொஞ்சம் உக்காந்துட்டு வந்தேன்” என்றார். பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். “உங்க தாளு டீச்சர். உங்ககிட்டயே குடுத்துரலாம்னு.”

விரித்தேன். என் கையெழுத்து. வரிக்கு மேலே என் கமாக்கள். ஒவ்வொரு கமாவுக்குப் பக்கத்திலும் பாலன் பென்சிலால் ‘இன்னும்’ என்று எழுதியிருந்தார். இன்னும், இன்னும், இன்னும் என்று பத்து இடத்தில். பதினோராவதில் மட்டும் ‘டீச்சர்கிட்ட கேக்கணும்’ என்று இருந்தது.

கலா அந்த இடத்தில் விரலை வைத்தார். “இங்க என்னா கேக்கணும்னு நெனச்சாரு டீச்சர்?”

ஏதோ சுருதி விஷயமாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். கலாவுக்கு இசை தெரியாது, நம்பியிருப்பார். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“இங்க மூச்சு விடலாமான்னு கேக்க நெனச்சிருப்பாரு.”

“விடலாமா?”

“விடலாம். இந்தக் கமாவே அதுக்குத்தான். பதினொண்ணும் அதுக்குத்தான். இழுத்துப் புடிக்கிறதுக்கு இல்ல. அவரு தப்பா வாசிக்கல கலா, நான் புரியற மாதிரி எழுதல.”

கலா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்றையும் எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“இது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. நான் சொல்லல.”

“ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே. அவருகூட பேசினீங்களே.”

“சொல்லல.”

அவர் என்னைத் திட்டவில்லை. தாளைக் கோப்பில் வைத்து, கோப்பைப் பைக்குள் வைத்து, எழுந்தார். கதவுக்கிட்டே போய் நின்று திரும்பினார்.

“கடைசி ஒண்ண வுட்டுட்டேன், வுட்டுட்டேன்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு டீச்சர்” என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் பிரித்துப் பார்த்த கோப்புகளில் அந்தத் தாள் இல்லை. அது காப்பாரில், கலாவிடம் இருக்கிறது.